பாலடினின் ஸ்மைட்டைக் குறைக்கும் முன் ஓய்வு விதியைப் பாருங்கள்

கேள்வி இதுதான். பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆறாவது லெவலில் நான்கு பேர்: பாலடின் (புனிதப் போர்வீரர்), ரோக் (கள்வர்), வார்லாக் (மந்திரவாதி), மங்க் (கைச்சண்டைத் துறவி). எவ்வளவு பெரிய வில்லன் வந்தாலும் பாலடின் இரண்டு மூன்று ரவுண்டில் ஸ்மைட் (மந்திர சக்தியைச் செலவழித்து அடிக்குக் கூடுதல் சேதம் சேர்க்கும் திறன்) அடித்தே முடித்துவிடுகிறார். வார்லாக் இரண்டு மந்திரம் போட்டுவிட்டு மீதி நேரமெல்லாம் செலவில்லாத எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரத்தையே போட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குச் சலித்துவிட்டது. மங்க் தனி வில்லன்களை அசையவிடாமல் நிறுத்திவிடுகிறார். ரோக் கை நிறையப் பகடை உருட்டுவதைப் பார்த்து மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். கிளாஸ் (கேரக்டரின் வகை) திறன்களில் என்னென்ன ஹவுஸ் ரூல் (மேசைக்கென்று நாமே வைத்துக்கொள்ளும் விதி) போட்டால் இது சரியாகும்?

விடையில் பாதி கேள்வியிலேயே இருக்கிறது. வார்லாக் இரண்டு மந்திரத்தோடு நின்றுவிடுகிறார் என்றால் உங்கள் மேசையில் ஷார்ட் ரெஸ்ட் (சண்டைகளுக்கு நடுவில் எடுக்கும் ஒரு மணி நேர ஓய்வு) கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. பாலடின் ஒரே சண்டையில் எல்லா ஸ்லாட்டையும் (மந்திரத்துக்கோ ஸ்மைட்டுக்கோ ஒவ்வொன்றாகச் செலவாகும் இருப்பு) கொட்டுகிறார் என்றால், இன்றைக்கு இன்னொரு சண்டை வரப்போவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். அதனால் ஸ்மைட்டை அப்படியே விட்டுவிட்டு முதலில் ஓய்வு விதியில் கை வையுங்கள் என்பேன். இதைத் தலைகீழாகச் செய்யும் டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) நிறைய. ஒவ்வொரு கிளாஸிலும் நன்றாக இருப்பதையெல்லாம் வெட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் யாருக்கும் தங்கள் கேரக்டர் மேல் ஆசையே மிஞ்சாது.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஆறாவது லெவல் பாலடினிடம் முதல் லெவல் ஸ்லாட் 4, இரண்டாம் லெவல் ஸ்லாட் 2. முதல் லெவல் ஸ்லாட்டில் ஸ்மைட் 2டி8 (எட்டு முகப் பகடை இரண்டு), இரண்டாம் லெவலில் 3டி8. அத்தனையையும் ஸ்மைட்டிலேயே கரைத்தால் 14டி8, சராசரி 63 டேமேஜ். நாளுக்கு ஒரே சண்டை என்றால் 63-ம் ஒரே ஆள் தலையில் இறங்கும். ஆறு சண்டை இருந்தால் ஒரு சண்டைக்குப் பத்துதான் வரும். அதோடு மனிதர் ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்துத்தான் செலவழிப்பார்.

இப்போது வார்லாக். ஆறாவது லெவலில் அவருக்கு ஸ்லாட் இரண்டே இரண்டு, ஆனால் இரண்டும் மூன்றாம் லெவல் ஸ்லாட், ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்ட்டிலும் திரும்பக் கிடைக்கும். நாளுக்கு இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் மொத்தம் ஆறு பெரிய மந்திரம். ஒன்றுமே கிடைக்காவிட்டால் இரண்டு, அதாவது அவருடைய பலத்தில் மூன்றில் ஒரு பங்கு. மங்குக்கும் அதே கதைதான். 18 கீ பாயிண்ட் (மங்க் தன் சிறப்புத் திறன்களுக்குச் செலவழிப்பது) கிடைக்க வேண்டிய நாளில் 6-ஐ வைத்து ஓட்டுகிறார். 2014 டிஎம் கையேடு ஒரு சாகச நாளுக்கு ஆறு முதல் எட்டு மீடியம் அல்லது ஹார்ட் மோதல், நடுவில் சுமார் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்ற கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கிளாஸ்கள் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்பது அந்தத் தாளத்தில்தான். பெரும்பாலான மேசைகளில் ஒரு நாளுக்கு ஒன்றோ இரண்டோ சண்டைதான் நடக்கிறது. கதை அப்படித்தான் போகும், அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேசையில் லாங் ரெஸ்ட்டை (எட்டு மணி நேர ஓய்வு) நம்பியிருக்கும் பாலடின், மந்திரவாதிகளான விசார்ட், சார்சரர் எல்லாரும் கொழிப்பார்கள், ஷார்ட் ரெஸ்ட்டை நம்பியிருப்பவர்கள் வாடுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? அந்தக் கையேட்டிலேயே இரண்டு மாற்று விதி இருக்கிறது. ஒன்றில் ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். இன்னொன்றில் ஷார்ட் ரெஸ்ட் 5 நிமிடம், லாங் ரெஸ்ட் 1 மணி நேரம். முதலாவது, வாரக்கணக்கில் பயணம் போகிற கதைக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் அதில் ஒரு வலி இருக்கிறது: மேஜ் ஆர்மர் போல 8 மணி நேரம் நிற்கும் மந்திரங்கள் அடிபட்டுப்போகும். முன்பெல்லாம் ஒரு ஸ்லாட்டில் நாள் முழுக்கக் காப்பாக இருந்தது, இப்போது ஒரு வாரத்தில் எட்டு மணி நேரத்துக்குத்தான் நிற்கும். அந்த விதியை எடுத்துக்கொண்டால், மணிக்கணக்கில் நிற்கும் மந்திரங்களின் நேரத்தையும் சேர்த்து நீட்டியாக வேண்டும். பல மேசைகளில் இதை மறந்துவிடுகிறார்கள், விசார்ட் ஆடுபவர் வாயைத் திறக்காமல் நஷ்டப்படுகிறார். இரண்டாவது மாற்று எனக்குப் பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்றால் எதையும் சேமித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை, பாலடின் பிரச்சினை இன்னும் மோசமாகும்.

நான் என் மேசையில் வைத்திருப்பது வேறு: ஷார்ட் ரெஸ்ட் 10 நிமிடம். ஆனால் இரண்டு லாங் ரெஸ்ட்டுக்கு நடுவில் இரண்டே முறைதான். லாங் ரெஸ்ட் பழையபடி 8 மணி நேரம், அதுவும் காவல் உள்ள, கூரை உள்ள, யாரும் துரத்தி வராத இடத்தில் மட்டும். காட்டில் மரத்தடியில் படுத்தால் உடம்பு அலுப்புத் தீரும், ஸ்லாட் திரும்பாது.

பத்து நிமிடம் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மணி நேரம் என்றால் எதிரிகள் நிறைந்த கோட்டைக்குள் யாரும் உட்காரத் துணிய மாட்டார்கள், டிஎம்முக்கும் அவர்களைச் சும்மா விட மனம் வராது. பத்து நிமிடம் என்றால் ஒரு கதவைத் தாழிட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். ஒரு மந்திரத்தை ரிச்சுவலாக (ஸ்லாட் செலவில்லாமல், நிதானமாக) போட ஆகும் கூடுதல் நேரமும் பத்து நிமிடம்தான், ஆகவே விசார்ட் உள்ள குழுவில் அவர் டிடெக்ட் மேஜிக் போட்டு முடிப்பதற்குள் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். 'இரண்டு முறை மட்டும்' என்ற வரம்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வார்லாக் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பெரிய மந்திரம் போட்டுவிட்டு, "பத்து நிமிஷம் உட்காரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

இன்னொரு யோசனையும் அடிக்கடி காதில் விழுகிறது: ஷார்ட் ரெஸ்ட்டையே எடுத்துவிட்டு, அதை நம்பியிருக்கும் கிளாஸ்களுக்கு நாளுக்கு மூன்று மடங்கு கொடுத்துவிடுவது. வார்லாக்குக்கு ஆறு ஸ்லாட், மங்குக்கு 18 கீ. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரே சண்டை நடக்கும் நாளில் வார்லாக் ஆறு மூன்றாம் லெவல் மந்திரத்தை வரிசையாக இறக்குவார். பாலடினை வைத்துக்கொண்டு இப்போது படும் பாட்டை அப்போது இரண்டு பேரை வைத்துக்கொண்டு படுவீர்கள். 2024-ல் வந்த திருத்திய விதிகள் வேறு வழியில் போகின்றன. அதில் வார்லாக் லாங் ரெஸ்ட்டுக்கு ஒரு முறை, ஒரே நிமிடத்தில், தன் ஸ்லாட்டில் பாதியை மீட்டுக்கொள்ளலாம். உங்கள் வார்லாக் நண்பருக்கு இதை நாளைக்கே கொடுத்துவிடுங்கள். யாருக்கும் உறுத்தாது.

அப்புறம், தனி வில்லன். நான்கு பேர் சேர்ந்து அடிக்கும்போது ஒரு வில்லன் தன் ஒற்றை டர்னை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய முடியும்? இது பாலடினின் குற்றமே இல்லை. 2014 ஸ்மைட் வேலை செய்வது கைகலப்பு ஆயுத அட்டாக்கில் மட்டும், அதாவது பாலடின் பக்கத்தில் வந்தாக வேண்டும். வில்லனை மாடத்தில் நிறுத்துங்கள், நடுவில் ஒரு பள்ளம் வையுங்கள், வழியை மறிக்க நான்கு அடியாட்களை விடுங்கள். முதல் இரண்டு ரவுண்ட் பாலடின் பாதை வெட்டிக்கொண்டு வரட்டும். வந்து சேர்ந்து ஒரு ஸ்மைட் இறக்கும்போது மேசையே ஆரவாரம் செய்யும். அந்தத் தருணத்துக்காகத்தான் அவர் அந்த கிளாஸை எடுத்தார்.

இதெல்லாம் செய்த பிறகும் கனமாகத் தெரிந்தால் ஸ்மைட்டுக்கு நான் சொல்வது ஒரே ஒரு வரிதான்: ஒரு டர்னுக்கு ஒரு ஸ்மைட். 2014 விதியில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்மைட் சேர்க்கலாம், அடி பட்ட பிறகு முடிவு செய்யலாம். 2024 விதியில் ஸ்மைட் ஒரு மந்திரமாகவே மாறி, போனஸ் ஆக்ஷன் (டர்னுக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயல்) கேட்கிறது. அதனால் தானாகவே டர்னுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. ஆனால் மந்திரம் ஆனதால் வேறு சில இழப்புகளும் கூடவே வந்தன: எதிரி கவுன்டர்ஸ்பெல் போட்டுத் தடுக்கலாம், சைலன்ஸ் வட்டத்துக்குள் வாய் திறக்க முடியாது, போனஸ் ஆக்ஷன் தன் டர்னில் மட்டுமே உண்டு என்பதால் தப்பி ஓடும் எதிரியை ஆப்பர்சூனிட்டி அட்டாக்கில் ஸ்மைட் செய்யவும் முடியாது. உங்கள் பிரச்சினை ஒரே டர்னில் எல்லாம் கொட்டிவிடுவது மட்டும்தானே? அதற்கு இந்த மூன்று இழப்பும் தேவையில்லை. டர்னுக்கு ஒன்று என்று மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் 2014-ல் உள்ளபடி விடுங்கள். அடுத்தவர் டர்னில் ரியாக்ஷனாக அடித்தால் அது தனி டர்ன், அதற்கு ஒரு ஸ்மைட் உண்டு. கிரிட்டிக்கல் (இருபது முகப் பகடையில் 20, டேமேஜ் பகடை இரட்டிப்பாகும்) விழுந்ததைப் பார்த்துவிட்டு ஸ்மைட் சேர்ப்பதையும் தடுக்க வேண்டாம். இரண்டாம் லெவல் ஸ்லாட்டில் அது 6டி8, சராசரி 27. எப்போதாவது வருகிற 27, அதை அனுபவிக்கட்டும்.

ரோக் விஷயத்தில் என் பதில் சுருக்கம்: ஸ்னீக் அட்டாக்கை (டர்னுக்கு ஒரு முறை அடியில் சேரும் கூடுதல் பகடை) தொடாதீர்கள். ஹவுஸ் ரூல்களில் அதிகம் அநியாயமாக அடி வாங்கும் திறன் இதுதான். பகடை நிறைய உருளுவதால் பெரியதாகத் தெரிகிறது. ஆறாவது லெவலில், திறன் மாடிஃபையர் (பகடையோடு கூட்டும் எண்) +4 என்று வைத்துக்கொண்டால், ரேப்பியர் அடியில் 1டி8, ஸ்னீக் அட்டாக் 3டி6, கூடவே 4. சராசரி 19. அதே மாடிஃபையரோடு கிரேட்சோர்ட் பிடித்த ஃபைட்டரோ, ஸ்மைட்டே போடாத பாலடினோ இரண்டு அடியும் பட்டால் 22. ரோக்குக்கு அட்டாக் ஒன்றுதான், தவறினால் அந்த டர்ன் பூஜ்யம். மற்றவர்களுக்கு ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கிறது. இதற்கு மேல் "பின்னாலிருந்து அடித்தால்தான் செல்லும்", "ஒளிந்திருந்தால்தான் செல்லும்" என்று நிபந்தனை போட்டால் அவர் ஓரமாக வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். விதி கேட்பது அட்வான்டேஜ் (இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது), அல்லது இலக்கின் 5 அடிக்குள் இலக்கின் இன்னொரு எதிரி. அது போதும். இன்னொன்று: விதியில் இருப்பது டர்னுக்கு ஒரு முறை, ரவுண்டுக்கு ஒரு முறை அல்ல. எதிரி விலகி ஓடும்போது ரியாக்ஷனில் அடித்தால் இரண்டாவது ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். அது விதியிலேயே உள்ள உரிமை, ஓட்டை கிடையாது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கிளாஸைப் பற்றியே பேசாத இரண்டு ஹவுஸ் ரூல்களைச் சொல்ல வேண்டும். கிளாஸ் சமநிலையை அதிகம் கெடுப்பவை இவைதான்.

முதலாவது ஃபம்பிள் விதி: டி20-ல் (இருபது முகப் பகடையில்) 1 விழுந்தால் வாள் கைநழுவும், தன் ஆளையே வெட்டிவிடுவார், இப்படி ஏதாவது. எல்லாருக்கும் பொது என்றுதான் கொண்டுவருகிறார்கள். ஆனால் யார் அதிகம் டி20 உருட்டுகிறார்கள் என்று பாருங்கள். பதினோராவது லெவல் ஃபைட்டர் டர்னுக்கு மூன்று அட்டாக் செய்கிறார். அதில் ஒரு 1-ஆவது விழ 14% வாய்ப்பு. ஆக்ஷன் சர்ஜ் போட்டு ஆறு அடித்தால் 26%. அதாவது உலகத்திலேயே தேர்ந்த வாள்வீரர் தன் உச்சத் திறமையைக் காட்டும் டர்னில், நான்கில் ஒரு முறை வாளைக் கீழே போடுவார். பக்கத்தில் ஃபயர்பால் போடும் விசார்ட் டி20-ஐத் தொடவே இல்லை, எதிரிகள்தான் உருட்டுகிறார்கள். லெவல் ஏற ஏற திறமை கூடும் கிளாஸுக்கு லெவல் ஏற ஏறத் தண்டனையும் கூடுகிறது. உங்கள் குழுவில் இது விழுவது மங்க் தலையில், ஃபிளரி (ஒரு கீ கொடுத்து இரண்டு கூடுதல் அடி) போட்டால் அவர் நான்கு முறை உருட்டுகிறார். ஃபம்பிள் இல்லாமல் மனம் கேட்காது என்றால் டர்னின் முதல் அட்டாக்குக்கு மட்டும் என்று வையுங்கள். அப்போது எல்லாருக்கும் 5%தான்.

இரண்டாவது கிரிட்டிக்கல் விதி: பகடையை இரட்டிப்பாக உருட்டுவதற்குப் பதில், ஒரு பங்கை முழு மதிப்பாக எடுத்துக்கொண்டு மற்றதை உருட்டுவது. கிரிட்டிக்கலில் எல்லாம் ஒன்றும் இரண்டுமாக விழுந்தால் வரும் ஏமாற்றத்துக்கு இது மருந்து, எனக்கும் இதில் ஒப்புதல்தான். ஆனால் இது அதிகம் கொடுப்பது பகடை அதிகம் உள்ளவருக்கு. மேலே சொன்ன ரோக்குக்கு வழக்கமான கிரிட்டிக்கல் சராசரி 34, இந்த விதியில் 45. கிரேட்சோர்ட் ஃபைட்டருக்குக் கூடுவது ஐந்தே ஐந்து. ஸ்மைட் சேர்த்த பாலடினுக்கு எவ்வளவு கூடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பாலடின் அதிகம் அடிக்கிறார் என்று புகார் சொல்லும் மேசையில் ஏற்கெனவே இந்த விதி ஓடிக்கொண்டிருந்தால், அதை எடுத்தாலே பாதி புகார் அடங்கிவிடும். அரக்கர்களுக்கும் இதே விதி பொருந்துமா இல்லையா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மங்க்கின் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கை (ஒரு கீ செலவழித்து எதிரியை அசையவிடாமல் நிறுத்தும் அடி) தனியாகச் சொல்கிறேன். ஓய்வு விதியை மாற்றினால் முதலில் பெரிதாகப்போவது இதுதான். ஆறாவது லெவலில், விஸ்டம் மாடிஃபையர் +3 என்றால் சேவ் டிசி (தப்பிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 14. கான்ஸ்டிடியூஷன் சேவ் +4 உள்ள வில்லன் 10 அல்லது மேலே உருட்டினால் தப்பிப்பார், அதாவது 55%. ஒரு முறை முயன்றால் தப்பிக்கும் வாய்ப்பே அதிகம். ஆனால் 2014 விதியில் ஒவ்வொரு அடிக்கும் முயலலாம். இரண்டு அட்டாக், ஃபிளரியில் இன்னும் இரண்டு, நான்கும் பட்டு நான்கிலும் முயன்றால் வில்லன் தப்பிக்கும் வாய்ப்பு 9%தான். செலவு ஐந்து கீ, அவரிடம் இருப்பது ஆறு. இத்தனை நாள் ஷார்ட் ரெஸ்ட் இல்லாததால் அவர் நாளுக்கு ஒரு தடவைதான் இப்படிச் செய்ய முடிந்திருக்கும். பத்து நிமிட ஓய்வு வந்த பிறகு நாளுக்கு மூன்று வில்லன் ஸ்டன் ஆவார்கள், ஸ்டன் ஆனவரை அடிப்பவர்கள் எல்லாருக்கும் அட்வான்டேஜ் வேறு. ஆகவே ஓய்வு விதியோடு சேர்த்து இதையும் கொண்டுவாருங்கள்: ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் டர்னுக்கு ஒரு முறை. எதிரி சேவ் செய்துவிட்டாலும் மங்க்கின் அடுத்த டர்ன் தொடங்கும் வரை அவர் வேகம் பாதி, அவர் மீது விழும் அடுத்த அட்டாக்குக்கு அட்வான்டேஜ். 2024 விதி இப்படித்தான் இருக்கிறது. நான் பார்த்த திருத்தங்களில் மிக நல்லது இது, ஏனென்றால் செலவழித்த கீ வீணாகப் போகாது. ஒரு திறனைக் குறைக்கும்போது தோல்வியிலும் கொஞ்சம் கொடுத்தால் பிளேயர் மனம் வருந்தமாட்டார்.

உங்கள் குழுவில் ரேஞ்சர் இல்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது வேறு வகைக் கோளாறு. 2014 ரேஞ்சரின் நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்ன சொல்கிறது? அவருக்குப் பழக்கமான நிலத்தில் குழு வழி தவறாது, கடினமான நிலம் வேகத்தைக் குறைக்காது. அதாவது காட்டு வழியில் வரக்கூடிய சிக்கலையெல்லாம் துடைத்துவிடுகிறது. காட்டில் ஜொலிக்க வேண்டும் என்று ரேஞ்சரை எடுத்தவர், காட்டுக்கு வந்ததும் "சரி, ஒன்றும் ஆகவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்" என்ற ஒரு வரியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2020-ல் வந்த துணைப் புத்தகம் இதற்குப் பதிலாக டெஃப்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற வேறு திறனைக் கொடுத்தது. பரவாயில்லை, ஆனால் காடு மறுபடி காணாமல்தான் போனது. நான் வைப்பது இது: பழக்கமான நிலத்தில் ஒவ்வொரு நாள் பயணத்தின் தொடக்கத்திலும் ரேஞ்சர் டிஎம்மிடம் இரண்டு கேள்வி கேட்கலாம், டிஎம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். "இந்தப் பள்ளத்தாக்கில் எங்களைவிடப் பெரியது எது நடமாடுகிறது?" "ஆற்றைத் தாண்ட இரண்டாவது வழி உண்டா?" பதில் கிடைத்ததும் முடிவெடுக்க வேண்டியது குழு. காடும் ஆட்டத்துக்குள் இருக்கும், அதில் ரேஞ்சர் பேச்சுக்குத்தான் மதிப்பு இருக்கும்.

2014 பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர் யாராவது வந்தால் விலங்கை ஏவ முழு ஆக்ஷன் கேட்காதீர்கள், போனஸ் ஆக்ஷன் போதும். 2020 புத்தகத்தின் துணை விலங்கும் அப்படித்தான்.

சார்சரரிடமும் ஒன்று செய்யலாம். இருபதாவது லெவலிலும் 15 மந்திரம்தான் தெரியும் என்ற 2014 கணக்கு மிகவும் கஞ்சத்தனம். 2020-ல் வந்த இரண்டு புதிய ஆரிஜின்களுக்கு (சார்சரரின் உட்பிரிவுகள்) கூடுதலாகப் பத்து மந்திரம் கிடைத்தது, பழையவை வெறுங்கையோடு நின்றன. டிராகன் வம்சத்தாருக்கும் அதே அளவு பட்டியல் போட்டுக் கொடுங்கள். எது எது என்று பிளேயரோடு உட்கார்ந்து முடிவு செய்தால் அது ஒரு நல்ல மாலை.

வைல்ட் மேஜிக் சார்சரர் இன்னும் பாவம். மந்திரம் போட்ட பிறகு டிஎம் விரும்பினால் டி20 உருட்டச் சொல்லலாம், 1 விழுந்தால் சர்ஜ் (எதிர்பாராத மந்திர விளைவு). டிஎம்முக்கு ஞாபகம் வராமலே பல செஷன் போய்விடும். ஞாபகம் வந்தாலும் ஐந்து மந்திரத்துக்குள் ஒரு சர்ஜ் வர 23%தான் வாய்ப்பு. ஏறுமுக விதி வையுங்கள்: முதல் மந்திரத்துக்கு 1, அடுத்ததற்கு 1 அல்லது 2, அதற்கடுத்து 1 முதல் 3. சர்ஜ் வந்ததும் மறுபடி 1. ஐந்தாவது மந்திரத்துக்குள் வாய்ப்பு 56% ஆகிவிடும். பிளேயரே எண்ணிக்கொள்வார், டிஎம் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. எண் ஆறு, ஏழு என்று ஏறும்போது மேசையில் எல்லாரும் பகடையை எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த மாதிரி ஒட்டுப்போடுவது இந்த விளையாட்டோடு பிறந்தது. 1974-ல் வந்த முதல் பதிப்பில் ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக் என்று மூன்றே கிளாஸ். தீஃப் அடுத்த ஆண்டுதான் துணை நூல் வழியாக வந்து சேர்ந்தது. வந்ததும் ஒரு வினோதம்: அதுவரை எல்லாரும் ஒளிந்தார்கள், எல்லாரும் பொறியைத் தேடினார்கள். இப்போது அதற்கென்று ஒரு கிளாஸ் வந்துவிட்டதால் மற்றவர்களால் முடியாது என்று பல டிஎம்கள் எடுத்துக்கொண்டார்கள். தீஃப்பாவது அதில் ஜொலித்தாரா என்றால் அதுவும் இல்லை. 1981 பதிப்பில் முதல் லெவல் தீஃப் நிழலில் ஒளிய 10%, பூட்டைத் திறக்க 15%, ஓசையில்லாமல் நடக்க 20%. சுவர் ஏற மட்டும் 87%. பழைய விதிகளில் ஆடும் மேசைகளில் இதற்கு ஒரு அழகான தீர்வு புழங்குகிறது: ஒளிவது எல்லாராலும் முடியும், திரைக்குப் பின்னால் நிற்கிறேன் என்றால் நின்றதுதான். தீஃப்பின் சதவீதம் அதற்கும் மேலே, யாராலும் முடியாத இடத்தில் ஒளிவதற்கு, அல்லது சாதாரண முயற்சி தோற்ற பிறகு கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. எண்ணில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எப்போது உருட்டுவது என்பதை மட்டும் மாற்றினார்கள், கிளாஸ் உயிர் பெற்றுவிட்டது. ஒரு திறன் சரியில்லை என்று தோன்றும்போது நான் பகடையை மாற்றும் முன் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்: இது எந்த நேரத்தில் உருட்டப்படுகிறது?

இனி, விதியைக் கொண்டுவரும் முறை. நடு சண்டையில் கொண்டுவராதீர்கள், செஷன் முடிந்த பிறகு பேசுங்கள். பாலடின் ஆடுபவரிடம் முதலில் தனியாகப் பேசுவது மரியாதை, ஏனென்றால் கைவிட வேண்டியவர் அவர். "நீ அதிகம் அடிக்கிறாய்" என்று ஆரம்பித்தால் மனிதர் தற்காப்புக்குப் போய்விடுவார். "வார்லாக்குக்கு நாளுக்கு இரண்டு மந்திரம்தான் கிடைக்கிறது, அதைச் சரிசெய்ய ஓய்வை மாற்றப் போகிறேன், அதில் உன் ஸ்லாட் பல சண்டைக்குப் பரவும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். மாற்றம் பிடிக்காவிட்டால் கேரக்டரைத் திருத்தி அமைக்க, கிளாஸையே மாற்றக்கூட, அனுமதி கொடுங்கள். ஆறு லெவலாக ஒரு திறனை நம்பி வளர்த்த கேரக்டர் அது. சம்மதம் கேட்காமல் பிடுங்கினால் அடுத்த செஷனுக்கு அவர் அரை மனதோடுதான் வருவார்.

மூன்று நான்கு செஷன் சோதனை என்று சொல்லி வையுங்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து விதியை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். உங்கள் மேசைக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் பத்து நிமிட ஓய்வும் பாதுகாப்பான இடத்தில் லாங் ரெஸ்ட்டும், கூடவே மங்க்கின் டர்னுக்கு ஒன்று. வில்லனுக்கு அடியாட்கள். இதோடு நான்கு செஷன் ஆடிப் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால்தான் ஸ்மைட்டுக்கு டர்னுக்கு ஒன்று என்ற வரம்பு.

அப்படி அதைக் கொண்டுவந்தால் ஒரு விஷயத்தை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், பின்னால் சண்டை வராது. பதினோராவது லெவலில் பாலடினுக்கு இம்ப்ரூவ்ட் டிவைன் ஸ்மைட் வரும், ஸ்லாட் எதுவும் செலவில்லாமல் ஒவ்வொரு கைகலப்பு அடிக்கும் கூடுதலாக 1டி8. பெயரில் ஸ்மைட் இருந்தாலும் உங்கள் வரம்பு அதற்குக் கிடையாது. அது ஒவ்வொரு அடிக்கும் தொடர்ந்து வர வேண்டும்.